கிணற்றில் தண்ணீர் இருந்தது

சத்தியநேசன் சார் காலமான செய்தி எனக்குச் சாயாக்கடையில் கிடைத்தது. பத்திரிகை படிக்க வழக்கம்போலக் காலையில் போயிருந்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தை விரிக்கும்போது, அடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கடைக்காரர் பாலையன் சொன்னார்.

"ஓய் செல்லப்பன், அதிலெ போட்டிருக்காது. ஒமக்க டைப்பு சாரு போயிட்டாராக்கும். காலத்தே பால்காரி பாத்திருக்கா."

"எங்க கிடந்தாரு?"

"கிடக்கல்ல. கசேரயில இருந்த இருப்பு. மெஷினுக்கு முன்னால."

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் இன்னொரு வடை கேட்டார். நான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு நடந்தேன். சாயாவைக் குடித்தேனா என்று நினைவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். பாறை உடைக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்தவன். எழுத்தை யூனியன் நோட்டீசுகளைப் பார்த்து நானே படித்துக்கொண்டேன். இந்தக் கட்டுரையில் பிழை இருந்தால் அது என்னுடையது. முன்பெல்லாம் நான் எழுதியதைச் சத்தியநேசன் சார் வாசித்துச் சிவப்பு மையால் திருத்தித் தருவார். இதைத் திருத்த யாரிடமும் கொடுக்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் பாறசாலையில், சந்தைக்கு எதிரே, உரக்கடைக்கு மேல்மாடியில் அவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினார். ஏழு மெஷின்கள். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை, விரல் நுனியில் எப்போதும் ரிப்பனின் கறை. மிஷன் கோயில் சபையில் பிறந்தவர், ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் கடவுளைப் பற்றிப் பேசாதவர். மனைவி முன்பே போய்விட்டார். ஒரே மகன் மஸ்கட்டில்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பத்திரிகைகளில் எல்லாம் ஒரே பேச்சாக இருந்தது. நாடு கதவைத் திறந்துவிட்டது, கம்பெனிகள் வருகின்றன, ஒவ்வொரு மாநிலமும் வா வா என்று கூப்பிடுகிறது என்று எழுதினார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளோ பத்தாம் வகுப்பு முடித்ததும் ரயில் ஏறினார்கள். ஆண்பிள்ளைகள் பம்பாய்க்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். பெண்பிள்ளைகள் திருப்பூருக்குத் தையல் வேலைக்குப் போனார்கள். சார் நெய்யாற்றின்கரைக்குப் போய்த் தாலுகா அலுவலகத்தில் விசாரித்தார். தொழில் வருவதெல்லாம் நகரத்துக்கு என்றார்கள். பாறசாலை பிளாக் அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் "தொழிற்சாலையின் பெயர்" என்று ஓர் இடம் இருந்தது. "தொழிற்சாலை இல்லாதவனாக்கும் இதை வாங்க வந்தது" என்று அவர் சொன்னாராம். அதற்கு வேறு படிவம் இல்லை என்று பதில் வந்ததாம்.

அப்போதுதான் அவர் அந்த வேலையைத் தொடங்கினார். டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் பயிற்சியாக ஒரு வியாபாரக் கடிதம் அடிக்கச் சொல்வார்கள். குடை வியாபாரி ஒருவர் நனைந்த சரக்கைப் பற்றிக் குறை சொல்லும் கடிதம், அல்லது அது போன்ற ஏதாவது. சார் அந்தக் குடை வியாபாரியைத் தூக்கி எறிந்துவிட்டு, உண்மையான கடிதம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். எங்கள் ஊருக்குத் தொழில் தொடங்க வருமாறு முதலாளிகளை அழைக்கும் கடிதம். ரோடு உண்டு, ரயில் நிலையம் உண்டு, மின்சாரம் உண்டு, சாரின் சொந்த நிலம் உண்டு, அதில் கோடையிலும் வற்றாத கிணறு உண்டு. இவ்வளவும் ஆங்கிலத்தில் ஒரு பக்கம். கூடவே இன்னொரு தாள். அதில் எங்கள் ஊரில் வேலைக்குக் காத்திருப்பவர்களின் பெயர், வயது, தெரிந்த தொழில். பிழையில்லாமல் அடித்தவரின் கடிதம் அன்றே தபாலில் போகும். பிழை விட்டால் மறுபடி அடிக்க வேண்டும்.

என் மகள் ஷீலா அங்கே படித்தாள். தாயில்லாப் பிள்ளை. தையலும் தெரியும். ஒருநாள் ஓடி வந்து, "அப்பா, எனக்க லெட்டர் இன்னைக்கு கோயம்புத்தூருக்குப் போச்சு" என்றாள். பரீட்சையில் தேறியபோதுகூட அவள் அப்படிச் சிரிக்கவில்லை.

நான் சாரை முதலில் பார்க்கப் போனது சண்டை போடத்தான். கடிதத்தில் தொழிலாளியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று தெரியவேண்டும் என்று மாடி ஏறினேன். பிள்ளைகள் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"கம்பெனி வரட்டும் சாரே. எட்டு மணிக்கூர் வேலை, அதுக்கு மேல ஒரு நிமிசம் கிடையாது. அது உண்டுமா இதிலெ?"

அவர் தாளை மெஷினில் உருட்டினார். இரண்டு வரி அடித்தார். எடுத்து நீட்டினார்.

"எட்டு மணிக்கூர் அடிச்சாச்சு. பட்டியல்ல ஒம்ம பேரும் போட்டாச்சு. இனி கீழ போறேரா, பிள்ளைய படிக்கணும்."

"எனக்க பேரா? என்ன வேலைக்கு?"

"வாட்ச்மேன். கேட்டுல நின்னு யாரையும் உள்ள விடாத இருக்க ஒம்மளவிட யோக்கியன் யாரு ஓய்?"

பிள்ளைகள் சிரித்தார்கள், ஷீலாவும் சிரித்தாள். அன்று முதல் நாங்கள் நண்பர்கள். மாலை தோறும் போய் உறைகளுக்குப் பசை தடவிக் கொடுப்பேன்.

பதில் வராத கடிதங்களைப் பற்றி அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு ஒரு பதில் வந்தது, அதே கோயம்புத்தூரிலிருந்து. ஆயத்த ஆடை தைக்கும் கம்பெனி ஒன்றின் முதலாளி, ஒரு புதன்கிழமை நிலத்தைப் பார்க்க நேரில் வருவதாக எழுதியிருந்தார். ஷீலா அடித்த கடிதத்துக்கு வந்த பதில் அது.

இனி நான் எழுதப்போவது பலருக்குத் தெரியாது. அத்தனை வருடமும் தெரிந்தவர்கள் இருவர். ஒருவர் போய்விட்டார்.

வரவேற்பு எப்படி என்று பேச்சு வந்தது.

"ரெண்டு பேர் போரும், செல்லப்பா. நீரும் நானும். ஆளுக்கொரு கரிக்கு குடுப்போம், கெணத்தக் காட்டுவோம், அனுப்புவோம். சத்தம் வேண்டாம்" என்றார் சார். கரிக்கு என்றால் எங்களுக்கு இளநீர்.

"இத்தற பேருக்கு வேலை வேணும்னு எழுதிப்போட்டு ரெண்டு பேரு நின்னா அவன் என்ன நெனப்பான்? ஆளு உண்டுன்னு காட்டாண்டாமா?"

"ஆளு பட்டியல்ல உண்டு ஓய்."

"பட்டியலுக்கு மொகம் உண்டுமா சாரே?"

அவர் சிரித்துவிட்டார். "ஒம்மகிட்ட பேசி ஜெயிக்க எனக்க கர்த்தராலயும் முடியாது" என்றார். சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அது சம்மதம் அல்ல.

எங்களுக்கு ஒருவரை எதிர்க்கவும் வரவேற்கவும் தெரிந்த வழி ஒன்றுதான். வரிசையாக நிற்பது, ஒருவர் கூப்பிடுவது, மற்றவர்கள் பதில் சொல்வது. மே தினத்துக்கு வாங்கியதில் மிச்சம் கிடந்த சிவப்புத் துணியை எடுத்தேன். பெயின்டர் அதில் மலையாளத்தில் "ஸ்வாகதம்" என்று வெள்ளையில் எழுதினார். வருகிறவர் தமிழ்நாட்டுக்காரர், தமிழில் எழுதச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் பேசுவது தமிழ், போர்டு எழுதுவது மலையாளம். அது அப்படித்தான் இருந்தது. அறுபது பேரைக் கூட்டினேன். அவர்களில் பாலையனும் உண்டு.

ஓடைப்பாலத்துக்குப் பக்கத்து வளைவில் நின்றோம். வெள்ளைக் கார் வந்தது. கண்ணாடி ஏற்றியிருந்தது.

"தொழில்!" என்று நான் கூப்பிட்டேன்.

"வேணும் வேணும்!"

"கம்பெனி!"

"சிந்தாபாத்!"

கார் நின்றது. எங்களுக்கு மரியாதை செய்யத்தான் நிறுத்தினார்கள் என்று நினைத்து, இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். ஆட்கள் வழக்கப்படி கையை முறுக்கித் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். கார் பின்னால் போகத் தொடங்கியது. பின்சக்கரம் ஓடை விளிம்பில் இறங்கி ஏறியது. பாலையன் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, நில்லுங்கோ, போவாதீங்கோ!" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினார். அவர் ஓட ஓட கார் இன்னும் வேகமாகப் போனது.

சார் நிலத்தில், கிணற்றடியில் நின்றிருந்தார். ஒரு மேசை, அதன் மேல் வெள்ளை விரிப்பு, சீவி வைத்த நாலு கரிக்கு. அங்கிருந்து ரோடு தெரியாது. நாங்கள் போய்ச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"எத்தற பேரு நின்னிய?"

"அறுபது."

அவர் மேசைப் பக்கம் திரும்பினார். "சீவியதாக்கும், வீணாப் போவும். ஓடினவன் குடிக்கட்டும்" என்று ஒன்றை எடுத்துப் பாலையனிடம் கொடுத்தார்.

பத்து நாளுக்குள் கடிதம் வந்தது. மாடியில் கதவைச் சாத்திவிட்டு எனக்குத் தமிழில் சொன்னார். தொழிற்சாலை தொடங்கும் முன்பே சமரம், அதாவது வேலைநிறுத்தம், நடக்கும் ஊரில் தங்களால் தொழில் நடத்த முடியாது, மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார்கள்.

"இது கள்ளம்! நாங்க சமரமா செய்தோம்?"

"இல்ல. ஆனா அவருக்கு அது தெரியாதே, செல்லப்பா."

"அப்பம் எழுதும், அது வரவேற்புன்னு. மன்னிப்பு கேக்கச் சொல்லி எழுதும்."

"யாரு யாருகிட்ட?" என்று கேட்டார்.

அந்த வாரம் வாசகசாலையில் ஊர் கூடியது. கம்பெனி என்ன சொன்னது என்று எல்லோரும் கேட்டார்கள். சார் எழுந்தார். கடிதம் சட்டைப் பையில் இருந்தது. அதன் மேல் கை வைத்துக்கொண்டே, "வெள்ளம் போராதுன்னு எழுதியிருக்கு" என்றார். எங்கள் பேச்சில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர், போராது என்றால் போதாது.

அந்தக் கிணற்றை அறியாதவர் அங்கே இல்லை. மேடமாசத்துக் கோடை வெயிலில் மற்றக் கிணறுகள் எல்லாம் அடி தெரியும்போது, பாதி வார்டு குடத்தோடு போய் நிற்பது அங்கேதான்.

பாலையன் எழுந்தார். "எந்தக் கெணத்தப் பாத்திட்டு எழுதினான் சாரே? அவன் வண்டிய விட்டு எறங்கவே இல்லியே!"

ஒரு பொய்யைச் சொல்லத் துணிந்தவருக்கு அதைக் காப்பாற்ற இரண்டாவது பொய் தெரியவில்லை. "எழுதியிருக்கியதச் சொன்னேன்" என்று உட்கார்ந்துவிட்டார். அவருடைய முகத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றை மட்டும் சரியாகப் புரிந்துகொண்டார்கள். அவர் எதையோ மறைக்கிறார் என்பதை. மீதியை அவர்களே கட்டினார்கள். நிலத்துக்கு வாய்க்கு வந்த விலை கேட்டிருப்பார், அதைக் கேள்விப்பட்டுத்தான் முதலாளி பாதி வழியில் திரும்பினார் என்று பேச்சு பரவியது. "நம்ம பிள்ளையளுக்க சோத்துல மண்ணு போட்ட சாரு" என்று அவர் காதுபடவே சொன்னார்கள்.

நானும் அந்த வாசகசாலையில்தான் இருந்தேன், மூன்றாவது பெஞ்சில். எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில் அவரிடம் கேட்டேன். "எதுக்கு இந்தக் கள்ளம் சாரே?"

"இந்த ஊருக்காரன் கம்பெனிய வெரட்டுவான்னு ஒரு பேரு விழுந்தா, பின்ன ஒருத்தனும் வரமாட்டான். கெணத்துக்கு கெட்ட பேரு வந்தா கெணறு அழாது ஓய்."

அது எனக்கு உதவியாகப் படவில்லை. நான் தப்புச் செய்தவன் என்று அவர் முடிவு செய்து என்னை மூடி மறைத்ததாகப் பட்டது. ஊர்வலம் நடத்தியது தப்பு என்று நான் இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வந்தவர் கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கியிருந்தால் போதும், மாலையின் மணம் வந்திருக்கும். இதையே அன்றும் சொன்னேன், கத்திச் சொன்னேன். பிறகு அந்த மாடிப்படி ஏறவில்லை. இரண்டு வருடம்.

கம்பெனி எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் எங்கோ இடம் பார்த்துக்கொண்டது என்று கேள்விப்பட்டேன். ஷீலா திருப்பூருக்குப் புறப்பட்டாள். பாறசாலை ஸ்டேஷனில் அவளுடைய பெட்டியை வைத்துக்கொண்டு நின்றபோது, நடைமேடையின் மறுமுனையில் சார் நின்றிருந்தார். என் பக்கம் வரவில்லை. அவள்தான் ஓடிப் போனாள்.

"போயிட்டு வாறேன் சார்."

"போயிட்டு வா மக்களே. ஒனக்க பேரு பட்டியல்ல உண்டு. வெட்டமாட்டேன்."

வண்டி போன பிறகு நடைமேடையில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். அவர் மெல்ல என்னிடம் வந்தார். "பசை தடவ ஆளில்ல ஓய்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் மாலை நான் படி ஏறினேன்.

ஆனால் அது பழைய இடம் இல்லை. நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் சென்டர்கள் வந்துவிட்டன. ஏழு மெஷினில் இரண்டு சத்தம் போட்டன, பிறகு ஒன்று. கடைசியில் அவரே அடித்துக்கொண்டிருந்தார். கீழே உரக்கடைக்காரர், மதியம் தூங்க விடமாட்டேன் என்கிறார் என்று அத்தனை வருடம் குறை சொன்னவர், ஒருநாள் மேலே வந்து, "என்ன சாரே, சத்தமே இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஊர்விட்டுப் போகிறவர்களின் பெயரை அடித்து நீக்கி, பட்டியலை ஒவ்வொரு முறையும் புதிதாக அடிப்பார். தாள் குறுகிக்கொண்டே வந்தது. ஷீலா அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். அவள் பெயரை நீக்கச் சொன்னேன், அவர் கேட்கவில்லை.

கோடையில் ஊர் அவருடைய கிணற்றில்தான் தண்ணீர் இறைத்தது. இறைத்துக்கொண்டே அவரைத் திட்டியது. "வெள்ளம் இல்லாத கெணத்துல எத்தற வெள்ளம் பாரு" என்று கயிற்றை இழுத்தபடி சிரிப்பார்கள். அவர் கயிறு இற்றுப்போகும்போதெல்லாம் புதுக்கயிறு வாங்கிக் கட்டுவார்.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை. மாடியில் நாங்கள் இருவர். அவர் அடிப்பதை நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"செல்லப்பா, ஒமக்கு எப்பமாவது சொல்லணும்னு தோணிச்சா?"

அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும், "என்னத்த?" என்றேன்.

"ஒண்ணுமில்ல" என்றார். தாளை உருட்டி அடுத்த வரிக்குப் போனார்.

அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அடக்கம் மிஷன் கோயில் கல்லறையில் நடந்தது. மகனுக்கு வந்து சேர முடியவில்லை. அவரிடம் படித்த பிள்ளைகளில் ஊரில் மிஞ்சியவர் இரண்டு பேர் வந்தார்கள். வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெட்டியைத் தூக்க ஆள் போதாமல், வழியில் போன பாலையனைக் கூப்பிட்டார்கள். அவரும் தோள் கொடுத்தார்.

எங்கள் யூனியன் ஆட்களில் ஒருவர் இறந்தால் நாங்கள் குழியடியில் முழக்கமிட்டுத்தான் அனுப்புவோம். என் கை தானாகவே மடங்கியது. பிறகு, சத்தம் வேண்டாம் என்று அவர் சொன்னது நினைவு வந்தது. கையை இறக்கிக்கொண்டேன்.

போதகர், யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்றார். நான் முன்னால் போனேன். கம்பெனி தண்ணீரைப் பற்றி எழுதவே இல்லை, எங்கள் முழக்கத்தைச் சமரம் என்று நினைத்துப் பயந்து திரும்பியது, ஆட்களைக் கூட்டியது நான், சார் அதை மறைக்கத் தன் கிணற்றின் மேல் பழி போட்டார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை வருடம் சுமந்ததை அவ்வளவு சீக்கிரம் சொல்லி முடித்துவிட முடியும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கூட்டம் கலையும்போது பாலையன் என் பக்கத்தில் வந்தார்.

"இத அன்னைக்குச் சொல்லியிருக்கணும் ஓய்."

"சொல்லியிருக்கணும்."

"நான் மாலையக் கொண்டு ஓடினேனே. அதுவுமா?"

"அதுவும்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "கரிக்கு எனக்காக்கும் தந்தாரு" என்று சொல்லிவிட்டு நடந்தார். என்னைத் தம்மோடு வரச் சொல்லவில்லை. அன்று முதல் அவர் கடையில் எனக்குச் சாயா உண்டு, பேச்சு இல்லை. அது எனக்கு வரவேண்டியதுதான்.

கல்லறையில் வந்து கேட்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருப்பூரிலும் பம்பாயிலும் வளைகுடாவிலும் இருக்கும் பாறசாலைப் பிள்ளைகளே, உங்கள் சார் நிலத்துக்கு விலை கூட்டிக் கேட்கவில்லை. உங்களுக்கு வரவேண்டிய வேலையை அவர் விற்கவில்லை. உங்களில் பலருடைய அப்பாக்கள், அவர்களோடு நான், அதை வரவேற்று விரட்டினோம். என் மகளுக்கும் இதைத் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

துட்டிக்கு, அதாவது சாவுக்கு, போனால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். அன்று நான் என் வீட்டுக் கிணற்றுக்குப் போகவில்லை. மரச்சீனிக் கிழங்கு நட்ட அவருடைய நிலத்தைத் தாண்டி, மேசை போட்டிருந்த இடத்துக்குப் போனேன். கயிறு புதிது. போன மாதம்தான் மாற்றியிருப்பார். வாளியை இறக்கினேன். நாலே பிடியில் தண்ணீர் தட்டியது. தலையில் ஊற்றிக்கொண்டேன். இன்னொரு வாளி இறைத்துக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். உள்ளே வானமும் என் தலையும் மட்டும் தெரிந்தன.

சுற்றிலும் யாரும் இல்லை. சத்தம் போடாமல்தான் சொன்னேன்.

"சாரே, வெள்ளம் உண்டு."